மொரப்பூர் லைன்ல நின்னுபோன என்ஜின்

தர்மபுரில ரயில் மாடல் செய்யறேன்னு சொன்னா சிரிப்பாங்க, ஆனா 1906லயே மொரப்பூர்ல இருந்து இங்க நேரோகேஜ் (குறுகின பாதை) வண்டி வந்துச்சு, 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டி 1941ல மூடிட்டாங்க. அதைத்தான் மாடில செஞ்சிட்டிருக்கேன். நெஜ தண்டவாளத்தோட இடைவெளி 762 மில்லிமீட்டர், என் மாடல் 87ல ஒரு பங்கு அளவு, அதனால 87ஆல வகுத்தா கிட்டத்தட்ட 9, கடைல கிடைக்கற 9 மில்லிமீட்டர் 'N கேஜ்' மாடல் தண்டவாளமே போதும்.

பிரச்சனை என்னன்னா, கன்ட்ரோலருக்கு (தண்டவாளத்துக்கு கரன்ட் குடுக்கற பெட்டி) எதிர்கோடில என்ஜின் முக்கி முக்கி நின்னுடும். மொதல்ல அழுக்குன்னு நெனச்சு உப்புத்தாள் போட்டேன், அது முட்டாள்தனம், கீறல்ல இன்னும் அழுக்கு சேரும், பஞ்சுல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சாலே போதும். அப்பவும் சரியாகல. பழைய ரேடியோ ரிப்பேருக்கு வெச்சிருந்த மல்டிமீட்டரை எடுத்தேன் (ரேடியோ, நடுகல் போட்டோ, இதுன்னு மூணு பைத்தியம் எனக்கு). சும்மா வெச்சா 12 வோல்ட் காட்டுது, என்ஜினை ஓடவிட்டு வெச்சா 7தான். ஜாயின்ட் ஒவ்வொண்ணும் லூசு, வோல்டேஜ் அதுலயே விழுந்துடுது.

கன்ட்ரோலர்ல இருந்து எதிர்கோடிக்கு தனியா ரெண்டு வயர் இழுத்து தண்டவாளத்தோட வெளிப்பக்கம் சால்டர் வெச்சேன். மொத தடவை தண்டவாளத்துக்கு அடில இருக்கற பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை ரெண்டு உருகி வளைஞ்சுடுச்சு, அப்புறம் ரெண்டு பக்கமும் ஈரப்பஞ்சு வெச்சு, சால்டர் நல்லா ஒட்ட ரோசின் தடவி, ரெண்டு செகண்டுல கையை எடுத்துட்டேன். இப்ப 11க்கு மேல நிக்குது. உருகின ஸ்லீப்பர் மேல கொஞ்சம் செம்மண்ணு தூவி மறைச்சாச்சு.