நீட்டுக்கு இன்னொரு வருஷம்: ரிப்பீட்டர்கள் சறுக்கும் இடங்கள்

ரிசல்ட் வந்த ராத்திரியே "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மதிப்பெண் ஜூனில் வருகிறது. கவுன்சிலிங் அதற்குப் பிறகு பல சுற்றுகளாக மாதக்கணக்கில் இழுக்கும். முதல் சுற்றில் எட்டாத இடம் கடைசிச் சுற்றுகளில் இறங்கி வருவது வழக்கம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது, போன வருஷம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் அது பொருந்தும். மதிப்பெண் குறைவு என்று கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டு, நவம்பரில் கட்-ஆஃப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் எல்லா வருஷமும் உண்டு. கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் பி.எஸ்சி. நர்சிங்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுக்கும் விண்ணப்பம் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

அதே சமயம், "சும்மா ஒரு சீட்டை எடுத்து வைப்போம், பிடிக்கலைன்னா விட்டுடலாம்" என்பதும் ஆபத்து. அகில இந்திய ஒதுக்கீட்டில் (எந்த மாநிலத்தவரும் போட்டியிடும் இடங்கள்) முதல் சுற்று சீட்டை விட்டு விலகினால் இழப்பு இல்லை. இரண்டாம் சுற்று முதல் டெபாசிட் போய்விடும். கடைசிச் சுற்றில் சீட் ஒதுக்கியும் சேராமல் இருந்தால் அடுத்த நீட் எழுதவே தடை வரக்கூடும். ஒரு வருஷம் படிக்கலாம் என்று நினைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. அந்த வருஷத்து விதிக் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் கடைசிச் சுற்றுகளில் கல்லூரி சாய்ஸ் கொடுக்க வேண்டும்.

சரி, திரும்ப எழுதலாமா வேண்டாமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது மாமாவோ கோச்சிங் சென்டரோ இல்லை, நீங்கள் வட்டம் நிரப்பிய விடைத்தாள், அதாவது ஓ.எம்.ஆர். தாள். ரிசல்ட்டுக்கு முன்பே நீட் நடத்தும் தேசியத் தேர்வு முகமை அதை ஸ்கேன் செய்து வெளியிடுகிறது. பலர் மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். டவுன்லோடு செய்து பத்திரப்படுத்துங்கள், பிறகு அந்த லிங்க் இருக்காது. 480 வாங்கிய ஒருவரின் தாளை எடுத்துக்கொள்வோம்: 130 சரி, 40 தவறு, 10 விட்டது. சரியானதற்கு 520, தவறுக்கு 40 போக 480. அந்த நாற்பதைத் தொடாமல் விட்டிருந்தாலே 520. அதில் இருபதைச் சரியாக்கினால் ஒவ்வொன்றுக்கும் நான்கு கூடி, கழிந்த ஒன்றும் திரும்பி, 580.

ஆகவே தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: தெரியாது, தெரிந்தும் கணக்கில் சறுக்கல், இரண்டில் ஒன்றாகக் குத்துமதிப்பு, நேரமில்லை. சறுக்கலும் குத்துமதிப்பும் பாதிக்கு மேல் இருந்தால் ஒரு வருஷம் பலன் தரும். கிட்டத்தட்ட எல்லாமே "தெரியாது" என்றால், அதுவும் இரண்டாவது முறை எழுதிய பிறகும் அப்படியே இருந்தால், வேறு படிப்பை யோசிப்பதே நியாயம். நீட்டுக்கு வயது உச்சவரம்பும் இல்லை, எத்தனை முறை என்ற கணக்கும் இல்லை. அந்த வசதியே பலரை மூன்றாவது, நான்காவது வருஷத்துக்கு இழுத்துச் செல்கிறது. (ஐ.ஐ.டி. கனவில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டே முறைதான்.)

பணம் கட்டுவதில் அவசரம் அடுத்த சறுக்கல். முழு வருஷக் கட்டணத்தையும் ஹாஸ்டலையும் ஒரே தவணையில் கட்டச் சொல்வார்கள். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட கோச்சிங் வழிகாட்டுதல்படி, பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். ஆனால் அது வழிகாட்டுதல்தான். ரசீதும் ரீஃபண்டு நிபந்தனையும் எழுத்தில் இல்லையென்றால் வாதாட உங்களிடம் எதுவும் இருக்காது. பள்ளியின் அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் நகல் மட்டும் கொடுங்கள்.

அண்ணன் வைத்திருந்த பழைய புத்தகத்தில் படிப்பதும் அடிக்கடி நடக்கிறது. 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறிவிட்டது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், பாலிமர்கள் போன்றவை போய்விட்டன. இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறை சார்ந்த அலகுகள் சேர்ந்திருக்கின்றன. இல்லாத பாடத்தில் இரண்டு வாரம் போவதைவிட, இருக்கும் அலகைத் தொடாமல் போவது மோசம். தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: வினாத்தாள் இரு மொழியில் வரும், மொழிபெயர்ப்பில் முரண் இருந்தால் ஆங்கிலமே இறுதி. நோட்டில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகுங்கள்.

மாக் டெஸ்டை மார்ச் வரை தள்ளிப்போடாதீர்கள். 2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிஷம், கேள்வியில் சாய்ஸ் எதுவும் கிடையாது. தேர்வு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. காலை ஆறு மணிக்குக் கூலாக உட்கார்ந்து எழுதிப் பழகியவர், மே மாத வெயிலில் சாப்பாடு முடித்த மயக்கத்தில் இயற்பியலைத் தொடும்போது தடுமாறுவார். டிசம்பரிலிருந்தாவது வாரம் ஒரு முழுத் தேர்வை அதே நேரத்தில், கறுப்புப் பால்பாயின்ட் பேனாவில், அச்சடித்த ஓ.எம்.ஆர். தாளில் எழுதுங்கள். வட்டம் நிரப்பவே எவ்வளவு நேரம் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வீட்டுக்குள்ளேயே அடைந்து, நண்பர்கள் கல்லூரியிலிருந்து போடும் ஸ்டேட்டஸைப் பார்த்துப் புழுங்கிக் கிடப்பது படிப்பையும் கெடுக்கும். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

காகித வேலையை விண்ணப்ப நேரத்துக்குத் தள்ளாதீர்கள், இந்த ஒரு வருஷத்தில் உங்களுக்கு நேரம் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கவிதா", ஆதாரில் "கவிதா சண்முகம்" என்று இருந்தால் இப்போதே ஆதாரில் திருத்துங்கள். நிரந்தர சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சிலிங்குக்குச் செல்லும். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. கேட்பவர்களுக்கு மத்திய அரசு வடிவத்தில், அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கிரீமிலேயர் அல்லாதோர் (வசதி படைத்த பிரிவில் வராதவர்) சான்றிதழ் வேண்டும். போன வருஷத்தது செல்லாது. ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்தில் மனு கொடுத்துவிட்டால், கவுன்சிலிங் பதிவு தொடங்கும்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்காது. நீட் விண்ணப்பத்தில் பிளஸ் டூ நிலை கேட்கும் இடத்தில் "எழுதப் போகிறேன்" என்பதை விட்டு "தேர்ச்சி பெற்றேன்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். போன வருஷத்துப் படிவத்தைப் பார்த்து அப்படியே நிரப்பும்போது இது தவறிப்போகிறது. திருத்தச் சில நாட்கள் மட்டுமே தருவார்கள், சில விவரங்களை அப்போதும் மாற்ற முடியாது.