கல்யாண லேஸ் எடுக்கப் போகிறீர்களா? பூவுக்கு முன்னால் வலைக்கண்ணைப் பாருங்கள்

தங்கச்சிமடத்தில் தையல் வேலை செய்கிறேன். பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு வெள்ளைச் சேலையோ கவுனோ தைக்க வரும் பெண்கள் முதலில் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். "அக்கா, இதே லேஸ் வேணும்." படத்தில் பூ தெரியும், பூவைத் தாங்கும் நெட் தெரியாது. லேஸ் கிழிவதும் உடம்பில் குத்துவதும் பெரும்பாலும் அந்த நெட்டால்தான். அதனால் முதல் முறை லேஸ் எடுப்பவர்களுக்காக, நான் பார்க்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: உடையையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

சேலையா கவுனா என்று தெரியாமல் லேஸ் வாங்காதீர்கள். ஜார்ஜெட் சேலையில் கனமான லேஸ் வைத்தால் கொசுவம் விறைத்துக்கொண்டு நிற்கும். சாட்டின் கவுன் அந்தக் கனத்தைத் தாங்கும்.

மாதமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஈஸ்டரும் முடிந்திருந்தால் கல்யாணத்துக்குத் தோதான நேரம். ஆனால் வெயிலும் புழுக்கமும் அப்போதுதான் அதிகம். அந்த மாதங்களில் கைப்பகுதிக்கு லைனிங் வேண்டாம், மெல்லிய லேஸ் மட்டும் போதும். உடம்புப் பகுதிக்குப் பருத்தி லைனிங் கொடுங்கள்.

படி 2: வலைக்கண்ணைப் பாருங்கள்

வலையைத் தூக்கிப் பிடித்து, கண் சீராக இருக்கிறதா, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நம் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. லேஸுக்கும் அந்தப் பார்வைதான் வேண்டும். ஒரு கறுப்புத் துணியைக் கையோடு கொண்டுபோங்கள். லேஸை அதன்மேல் விரித்தால் ஒவ்வொரு கண்ணும் தனியாகத் தெரியும். இரண்டு பக்கமும் மெல்ல இழுத்து விடுங்கள். நல்ல நெட் பழையபடி திரும்பிவிடும். கண் விரிந்தபடியே நின்றால், தோள்பட்டையிலும் முழங்கையிலும் அந்த லேஸ் தாங்காது.

ஒரு மணப்பெண்ணோடு வந்த அவளுடைய சித்தி வலை பின்னுகிறவர். பூவைப் பார்க்கவே இல்லை. விரல் நுனியால் நெட்டைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு கண்ணு விட்டிருக்கு" என்றார். நான் கவனிக்காத இடம் அது.

படி 3: எந்த வகை லேஸ்?

கடைகளில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். ஷான்டிலி மெல்லிய நெட்டில் தட்டையான பூக்களோடு வரும். அதன் ஓரத்தில் கண்ணிமை முடி மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருக்கும். முக்காட்டுக்கும் கைக்கும் என் தேர்வு அதுதான். அலான்சோன் வகையில் பூவைச் சுற்றித் தடித்த நூல் ஓடும், கார்டட் லேஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். இரண்டுமே பிரான்ஸ் நாட்டு ஊர்ப் பெயர்கள். மூன்றாவது கிப்யூர், இதில் நெட்டே கிடையாது. கரையக்கூடிய ஒரு துணியின்மேல் தைத்து, துணியைக் கரைத்துவிடுகிறார்கள். பூக்களும் அவற்றை இணைக்கும் நூல்களும் மட்டும் மிஞ்சும். கவுனின் இடுப்புக்கு அழகு, சேலை ஓரத்துக்குப் பாரம்.

இப்போது கடைக்கு வருவதில் பெரும்பாலானவை இயந்திர லேஸ். கையால் பின்னுவது நம் தெற்கிலும் பழைய வேலைதான். நாகர்கோவிலில் 1820களிலேயே மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கும் தொடங்கிவைத்தார். பாட்டியின் பெட்டியில் கைப்பின்னல் லேஸ் ஒரு முழம் கிடைத்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முக்காட்டின் நெற்றிப் பக்கம் வைத்துத் தைக்கலாம்.

படி 4: வெயிலில் நிறம் பாருங்கள்

வெள்ளையில் நீலம் பூத்த வெள்ளை, பால் வெள்ளை, ஐவரி, கிரீம் என்று பல உண்டு. டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒருமுறை மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் ரவிக்கைக்கும் முந்திக்கும் ஒரே எண் போட்ட லேஸை வேறு வேறு ரோலிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டு முற்றத்தில் விரித்த பிறகுதான் ஒன்றில் மஞ்சள் ஓடுவது தெரிந்தது. முந்தி லேஸை முழுவதும் பிரித்து எடுத்தேன். சேலைத் துணியின் துண்டோடு கடை வாசலுக்கு வந்து பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே ரோலில் வாங்குங்கள்.

அப்படியே அந்த லேஸை முழங்கையின் உள்மடிப்பில் பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். வியர்த்த தோலில் சிவந்தால் கழுத்துக்கும் அக்குளுக்கும் அது வேண்டாம்.

படி 5: அளவு

சேலை 5.5 மீட்டர். கீழ் ஓரத்துக்கு அந்த 5.5, முந்திக்கு 1.2, மேல் ஓரத்தில் தோளில் தெரியும் பகுதிக்கு மட்டும் 2.5. இடுப்பில் செருகும் இடத்துக்கு லேஸ் தேவையில்லை, வைத்தால் உறுத்தும். மூலைத் திருப்பத்துக்கும் சேர்த்து 10 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும்.

படி 6: வெட்டும் முன்

ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. அதை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்க வேண்டும், இல்லையென்றால் பிறகு சுருங்கும். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டரோ நைலானோ. அதற்குச் சூடு குறைத்து, பின்பக்கம், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத்தான் அயர்ன் செய்ய வேண்டும்.

லேஸை நேர்க்கோட்டில் வெட்டாதீர்கள். பூவின் ஓரத்தை ஒட்டி வெட்டி, ஒரு பூவின்மேல் இன்னொரு பூவை ஏற்றிக் கையால் தைத்தால் ஒட்டு தெரியாது.

தைத்து முடித்ததை பாலிதீன் உறையில் மூடி வைக்காதீர்கள், புழுக்கத்தில் ஈரம் தங்கும். உப்புக் காற்றில் கொக்கியும் குண்டூசியும் துருப்பிடித்துக் கறை இறங்கும். ஊசிகளை எல்லாம் எடுத்துவிட்டு, துவைத்த வெள்ளை மல் துணியில் சுற்றி வையுங்கள்.

அப்புறம் முக்காடு. கோயில் வாசலில் கடற்காற்று அடித்தால் மெல்லிய நெட் தலையோடு கிரீடத்தையும் இழுக்கும். கீழ் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு சின்ன முத்து கோத்துத் தையுங்கள். முதல் நாள் மாலை மொட்டைமாடியில் முக்காட்டைப் போட்டு, காற்றுக்கு எதிராக நாலு அடி நடந்து பாருங்கள். அப்போதும் பறந்தால் முத்துகளுக்கு நடுவில் இன்னும் ஒவ்வொன்று சேர்க்க ஓர் இரவு கையில் இருக்கும்.