சூடானால் மட்டும் நின்றுபோகும் இன்ஜின்: ஆறுவதற்குள் பிடிப்பது எப்படி

காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் திடீரென்று இன்ஜின் அணைந்துவிடும், செல்ஃப் நன்றாகச் சுற்றும் ஆனால் பிடிக்காது, அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி முயன்றால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். என் பழைய பெட்ரோல் காரில் நான்கு மாதம் இதே கதை. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் வரிசையில் நிற்கும்போதே ஆறிவிடும், "நல்லாத்தானே சார் ஓடுது" என்பார்கள். பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். எதுவும் காரணமில்லை.

ஆறின இன்ஜினில் இந்தக் கோளாறு இருக்கவே இருக்காது. அதனால் கார் நின்ற இடத்திலேயே, நின்ற முதல் பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்தால்தான் உண்டு.

முதலில் பத்திரம். ஓடும்போது அணைந்தால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கை ஓரிரண்டு முறை மிதித்ததும் அதுவும் கட்டையாகிவிடும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்டுங்கள், சாவியைக் கடைசி வரை திருப்பி ஸ்டியரிங்கைப் பூட்டிவிடாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

இனி கவனியுங்கள். ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு ஓசை வர வேண்டும், அது பெட்ரோல் பம்ப். வரவில்லையா, ஃபியூஸ் பெட்டியில் பம்ப் ரிலேயை (பம்புக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச்) பாருங்கள். பக்கத்திலேயே அதே மாதிரி ஹார்ன் ரிலே இருந்தால், எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றிச் செருகிப் பாருங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போவது இதனால்தான்.

ஓசை வந்தால் அடுத்து செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் இருநூறு, முந்நூறு வரை லேசாக எழும்பும். ஆடாமல் சுழியிலேயே கிடந்தால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் சென்சார்) மேல் சந்தேகம் வரும். சில கார்களில் நல்ல நிலையிலேயே முள் அசையாது, அதனால் கார் ஆறியிருக்கும்போது ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் சாக்கெட்) செருகும் சின்ன ப்ளூடூத் கருவி ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். செல்ஃப் சுற்றும்போது போனில் ஆர்பிஎம் சுழி என்று காட்டினால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவுக்கு சிக்னல் வரவில்லை. சிக்னல் இல்லாமல் அது ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது.

என் காருக்கு வந்தது இதுதான். விராலிமலை தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன், திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜினை அணைத்ததும் கூலன்ட் ஓட்டம் நின்றுவிடும், அதனால் பானெட்டுக்குள் சூடு குறையாது, அடுத்த பத்து பதினைந்து நிமிடம் ஏறவே செய்யும். டீக்கடை நேரம்தான் இந்தக் கோளாறுக்கு நல்ல நேரம். முள் அசையவில்லை. கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சென்சார் மேல் வைத்தேன், ஓரத்தில் ஆவி பறந்தது, இரண்டு நிமிடம் கழித்து சாவியைத் திருப்பினால் முள் எழும்பியது, இன்ஜினும் பிடித்தது. (தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், துணி போதும். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக் கூடாது.) உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருள், ஓரிடத்தில் அறுந்திருந்தால் சூட்டில் விரிந்து பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பின் உள்ள சென்சாராக இருந்தால் வீட்டில் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்துக்கொண்டே ஹேர் டிரையரால் சூடாக்குங்கள், கெட்டிருந்தால் அளவு திடீரென்று எங்கோ போய்விடும். மூன்று பின் என்றால் பெரும்பாலும் ஹால் வகை (உள்ளே மின்னணுச் சுற்று உள்ளது), அதில் ஓம் பார்த்துப் பயனில்லை. புதிது வாங்குவதற்கு முன் கப்ளரில் (வயர் செருகும் முனை) பச்சை பிடித்திருக்கிறதா, வயர் சைலன்சர் பக்கம் உரசி உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிற்காமல், சூடானதும் மேட்டில் மட்டும் மிஸ் அடித்து உதறுகிறதா? அது வேறு, பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள காரில் போனில் பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்) என்று கோளாறு எண் வந்தால் இரண்டாவது காயிலை இன்ஜினை அணைத்தபிறகு மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள், கோளாறு எண்ணும் பி0303 ஆனால் காயில்தான்.

சூடான இன்ஜின் நெடுநேரம் சுற்றிப் பிடித்து, கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் போனில் கூலன்ட் டெம்பரேச்சரைப் பாருங்கள். 90 பக்கம் இருக்க வேண்டியது -40 காட்டினால் சென்சாரோ அதன் வயரோ விட்டுப்போயிருக்கிறது, இன்ஜின் இன்னும் குளிராக இருப்பதாக நினைத்து இசியூ பெட்ரோலைக் கொட்டுகிறது.

முள், பம்ப் ஓசை, போனில் வந்த எண்கள், இதையெல்லாம் அந்த இடத்திலேயே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் அந்த வீடியோவைக் காட்டிய அன்று சாயங்காலமே சென்சாரை மாற்றிக் கொடுத்துவிட்டார்.