குளத்து மீனுக்குப் பாக்டீரியா நோய் வந்தால் என்ன செய்வது? முதல் முறை வளர்ப்பவர்களுக்கு

"கட்லா ரெண்டு மூணு வயிறு வீங்கி மிதக்குது, என்ன மருந்து போடலாம்?" கடைக்குப் போய் இப்படிக் கேட்டால் ஏதாவது ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கட்லா போன்ற கெண்டை மீன்களில் அதிகம் தொல்லை கொடுக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா வெளியிலிருந்து வந்து சேரும் கிருமி இல்லை. நல்ல குளத்திலும் அது எப்போதும் இருக்கும், மீனின் குடலிலும் இருக்கும். ஆக்சிஜன் குறைந்து, அடியில் தீவனம் அழுகி, அம்மோனியா ஏறி, மீன் சோர்ந்த பிறகுதான் அது நோயாக மாறுகிறது. அதனால் தண்ணீரைச் சரி செய்யாமல் மருந்து போட்டால், மருந்துக் காசும் போகும், மீனும் போகும்.

கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கும் 10 சென்ட் குளம், 4 அடித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு கணக்கெல்லாம் சொல்கிறேன்.

படி 1: விடியற்காலையில் குளத்தைப் பாருங்கள்

ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது சூரியன் உதிக்கும் முன்புதான். அந்த நேரத்தில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் முதல் பிரச்சினை ஆக்சிஜன், நோய் இரண்டாவது. அப்படி இல்லாமல் சில மீன் மட்டும் கூட்டத்தை விட்டு விலகிக் கரையோரம் சோம்பி நின்றால், தீவனத்துக்கும் வராமல் இருந்தால், வீச்சுவலையில் நாலைந்தைப் பிடித்துக் கையில் வைத்துப் பாருங்கள்.

செதில் சிலிர்த்து நின்று வயிறு நீர் கோத்து வீங்கியிருந்தால், துடுப்பின் அடியில் ரத்தக் கசிவு தெரிந்தால், பெரும்பாலும் ஏரோமோனாஸ். செவுள் வெளிறிச் சேறு அப்பியதுபோல் அழுகியிருந்தாலோ, வால் நுனியிலிருந்து அரித்துக்கொண்டு வந்தாலோ ஃபிளாவோபாக்டீரியம் காலம்னேரே என்ற இன்னொரு பாக்டீரியா என்று சந்தேகப்படலாம். வெயில் காலத்தில், மீன் நெருக்கமாக இருக்கும் குளத்தில் இது வேகமாகப் பரவும். திலேப்பியா வளர்ப்பவர்கள் கண் பிதுங்கி, சுற்றிச் சுற்றி நீந்தும் மீனைக் கண்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை நினைக்க வேண்டும்.

மழை முடிந்து குளிர் தொடங்கும்போது உடம்பில் ஆழமான சிவப்புப் புண்ணோடு வருவது வேறு கதை. அந்த நோயின் மூலகாரணம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை வகை உயிரி, பாக்டீரியா பின்னால் வந்து சேர்ந்துகொள்வது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயனில்லை. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே சிஃபாக்ஸ் என்ற மருந்தை உருவாக்கியது. அளவு, ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 1 லிட்டர். நம் 10 சென்ட் குளத்துக்குக் கிட்டத்தட்ட 50 மில்லிதான் வரும்.

அப்புறம், மீன் பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கடித்த இடம் வழியாகத்தான் பல நேரம் பாக்டீரியா உள்ளே போகிறது. பேன் இருக்கும்வரை புண் வந்துகொண்டே இருக்கும்.

படி 2: தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை மாற்றுங்கள்

இரண்டு நாள் தவிடும் புண்ணாக்கும் போடாமல் இருந்தால் மீன் செத்துவிடாது. கால்வாசித் தண்ணீரை, முடிந்தால் அடித் தண்ணீரை, வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் குழாயை உயரமாகக் கட்டி, தண்ணீர் சிதறி விழும்படி செய்ய வேண்டும். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருந்தால் இரவு முழுக்க ஓடட்டும். செத்த மீனை உடனே எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் நோய் பக்கத்துக் குளத்துக்குப் போகும்.

சுண்ணாம்பு எல்லோரும் சொல்வதுதான், ஆனால் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) பார்க்காமல் போடாதீர்கள். மழைக்குப் பிறகு பி.எச். 7-க்குக் கீழே இறங்கியிருந்தால் 10 சென்ட்டுக்கு 8 கிலோ நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, ஆறியபின் காலையில் தெளிக்கலாம். ஏற்கெனவே 8.5-ஐத் தாண்டியிருக்கும் பச்சைக் குளத்தில் சுண்ணாம்பு போட்டால், இருக்கும் அம்மோனியா இன்னும் விஷமாகும்.

படி 3: பெர்மாங்கனேட், கணக்குப் போட்டு

தண்ணீரில் உள்ள கிருமியைக் குறைக்கப் போடும் ஊதா நிற மருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட். இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், கைக்கு வந்த அளவை அள்ளிப் போடுகிறார்கள். கணக்கு எளிது. 1 பி.பி.எம். என்றால் ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 1 கிராம். 10 சென்ட் சுமார் 405 சதுர மீட்டர், 4 அடி 1.22 மீட்டர், இரண்டையும் பெருக்கினால் 494 கனமீட்டர். ஆக 1 பி.பி.எம்.முக்கு ஏறக்குறைய அரைக் கிலோ, வழக்கமான 2 பி.பி.எம்.முக்கு 1 கிலோ. வாளியில் நன்றாகக் கரைத்துக் காலை வெயில் ஏறும்போது குளம் முழுக்கச் சமமாகத் தெளிக்க வேண்டும். தண்ணீரின் ஊதா நிறம் சில மணி நேரமாவது நிற்க வேண்டும். சீக்கிரமே பழுப்பாகிவிட்டால் குளத்தின் அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், அப்போது அளவைக் கூட்டாமல் முதலில் தண்ணீரை மாற்றுங்கள். பாசியும் சாகும் என்பதால் அன்று இரவு ஆக்சிஜன் இறங்கும், ஏரேட்டர் இல்லாதவர்கள் மோட்டாரைத் தயாராக வைத்திருங்கள். சுண்ணாம்பையும் இதையும் ஒரே நாளில் போட வேண்டாம்.

படி 4: மீனைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்

சாவு நிற்கவில்லையா? நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகம், அதன்கீழ் தூத்துக்குடி, பொன்னேரியில் உள்ள கல்லூரிகள், அல்லது மாவட்ட மீன்வளத்துறை அலுவலகம், எது பக்கமோ அங்கே கேளுங்கள். நாற்றமடித்த மீனில் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. நோயோடு உயிருடன் இருக்கும் மீனை ஆக்சிஜன் பையில் கொண்டு போங்கள், முடியாவிட்டால் அப்போதுதான் செத்ததை ஐஸ் நடுவே வைத்து, உறைய விடாமல், அன்றைக்கே. ஒரு பாட்டில் குளத்துத் தண்ணீரும் கூடவே.

படி 5: ஆன்டிபயாடிக், அவர்கள் சொன்னால் மட்டும்

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சோதித்துச் சொன்ன பிறகுதான். உதாரணத்துக்கு ஆக்சிடெட்ராசைக்ளின், ஒரு கிலோ மீனுக்கு ஒரு நாளைக்கு 75 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்தால்: 300 மீன், சராசரி அரைக் கிலோ, மொத்தம் 150 கிலோ, ஒரு நாளுக்கு 11.25 கிராம். கடையில் வாங்கிய பொடியில் 20 சதவீதம்தான் மருந்து என்றால் 56 கிராம் பொடி வேண்டும். அதை மீன் தின்னும் அளவுத் தீவனத்தில் மட்டும், கொஞ்சம் எண்ணெயோ கஞ்சியோ சேர்த்துப் பிசறி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், சாவு குறைந்ததும் நிறுத்தக் கூடாது. தின்பதையே நிறுத்திய மீனுக்கு இந்த மருந்து போய்ச் சேராது, அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று சொல்வது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் இரண்டும் தடை செய்யப்பட்டவை, யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். மருந்து கொடுத்த மீனை உடனே விற்கவும் கூடாது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை விடும்போது

அறுவடைக்குப் பிறகு குளத்தை வெடிப்பு விழும்வரை காயப்போட்டு, மேல் சேற்றை வாரி, சுண்ணாம்பு போடுங்கள். குஞ்சுகளை விடும் முன் 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பு கரைத்து இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுக்கலாம், மல்லாந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். இரவல் வாங்கிய வலையைப் பெர்மாங்கனேட் கரைசலில் முக்கி வெயிலில் காயவைக்காமல் இறக்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு மீனைப் பிடியுங்கள், ஏரோமோனாஸ் மனிதக் காயத்திலும் சீழ் பிடிக்க வைக்கும்.