பிக்கப்பை மாற்றுமுன் கம்பியைப் பாருங்கள்: பேஸ் கிட்டார் வாங்குவோர் செய்யும் தவறுகள்

தெரிந்த இளைஞர் ஒருவர் தன் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். "அண்ணா, இதில் ஒலி செத்துக் கிடக்கிறது. பிக்கப்பை மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். எது நல்ல பிக்கப்?" என்று கேட்டார். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பாகம்தான் பிக்கப். நான் கம்பிகளின் மேல் ஒரு முறை விரலை ஓட்டினேன். விரல்நுனி கறுத்துவிட்டது.

"கம்பியைக் கடைசியாக எப்போது மாற்றினாய், தம்பி?"

"மாற்றியதே இல்லை அண்ணா. வாங்கும்போது இருந்ததுதான்."

வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுக் கம்பி போட்டு, நெக்கின், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியின், வளைவைச் சரிசெய்து, பிக்கப்பின் திருகாணியைத் திருகி அதைச் சற்றே உயர்த்தியதும் அதே பேஸ் வேறு குரலில் பேசியது. பிக்கப்புக்கென்று எடுத்துவந்த பணத்தை அவர் அப்படியே திரும்பக் கொண்டுபோனார்.

பேஸ் விஷயத்தில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். குறை ஓரிடத்தில் இருக்கும், செலவு வேறிடத்தில் நடக்கும்.

வாங்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. மேடையில் யாரோ வாசித்த வடிவம் மனதில் பதிந்துபோயிருக்கும். அதே வடிவம், அதே நிறம் கிடைத்தால் போதும் என்று வாங்கிவிடுவார்கள். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்துப் பார்க்கும்போது எந்தக் குறையும் தெரியாது. வாரை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, இடது கையை நெக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். சில பேஸ்களில் தலைப்பகுதி மெல்லத் தரையை நோக்கிச் சாயும். மேல்பக்கக் கொம்பு குட்டையாக இருந்தால் வார் மாட்டும் குமிழ் உடலை ஒட்டி வந்துவிடும், நெக்கின் பாரம் மறுபக்கம் இழுக்கும். கிப்சன் தண்டர்பேர்ட் போன்ற வடிவங்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பது வாசிப்பவர்களுக்குத் தெரிந்த கதை. வாசிக்க வேண்டிய இடது கை நெக்கைத் தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்தால் மணிக்கட்டுதான் கணக்குத் தீர்க்கும். எடையும் அப்படித்தான். நான்கு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் தெரியாது, இரண்டு மணி நேர ஒத்திகையின் முடிவில் தோள்பட்டை சொல்லும்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது இன்னொன்று. ஜாஸ் பேஸ் என்றால் ஜாஸ் இசைக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951இல் கொண்டுவந்த பேஸுக்குப் பிரிசிஷன் என்று பெயர் வைத்ததற்குக் காரணம், நெக்கின் குறுக்கே ஃபிரெட் என்ற உலோகப் பட்டைகள் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பது. 1960இல் வந்த ஜாஸ் பேஸ், ஜாஸ் கலைஞர்களுக்குப் பிடிக்கும் என்ற எதிர்பார்ப்பில் அந்தப் பெயரைப் பெற்றது. பிறகு ராக், ஃபங்க் என்று எல்லா இசையிலும் அது புகுந்துவிட்டது. நீங்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் நெக்கில் இருக்கிறது. தலைப்பகுதியை ஒட்டிக் கம்பிகள் தங்கும் சிறு கட்டையான நட் இருக்கும் இடத்தில் ஜாஸ் பேஸ் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலம், பிரிசிஷன் பொதுவாக 41 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விரல்களுக்கு அது பெரிய தொலைவு.

பேஸின் வழக்கமான ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளம், 34 அங்குலம். 30 அங்குல வகையைச் சிறுவர்களுக்கான பொம்மை என்று ஒதுக்குகிறார்கள். பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹோஃப்னர் அந்தக் குட்டை வகைதான். அதே சுருதியைக் குறைந்த இழுவிசையில் தருவதால் கம்பி விரலுக்கு மென்மையாக இருக்கும், ஒலி கொஞ்சம் உருண்டு திரண்டு வரும். அதற்குக் கம்பி வாங்கும்போது மட்டும் குட்டை ஸ்கேலுக்கான கட்டைக் கேட்டு வாங்குங்கள். நீளக் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதி முறுக்காணியின் மேல் வளைந்து சுற்ற வேண்டிவரும், அது ஒழுங்காக உட்காராது.

ஐந்து கம்பி பேஸில் கூடுதலாக ஒரு கம்பி கிடைக்கிறது, ஆகவே லாபம் என்பது காய்கறிக்கடைக் கணக்கு. அந்தத் தடித்த பி கம்பி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஒலியைப் பெருக்கும் கருவியான ஆம்ப் சிறியதாக இருந்தால், அது எதுவும் அந்த அடிச்சுரத்தை உள்ளபடி தராது. பெரும்பாலும் கம்பிகளுக்கிடையே இடைவெளி குறுகும், ஒலிக்காமல் அமுக்கிப் பிடிக்க இன்னொரு கம்பி சேரும். வாசிக்கும் இசை அந்தத் தாழ்ந்த சுரங்களைக் கேட்டால் தாராளமாக வாங்குங்கள். எப்போதாவது ஒரு பாட்டுக்கு வேண்டுமென்றால், நான்கு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பியை டி சுரம் வரை தளர்த்தி வாசித்தாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

ஆக்டிவ் வகை என்றால் உயர்ந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்ததிலிருந்து பேஸுக்குள்ளேயே பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் வைப்பது பிரபலமானது. அது ஒலியை விருப்பப்படி ஏற்றி இறக்க உதவும். தரத்துக்குச் சான்றிதழ் அன்று. இத்தகைய பேஸ்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது, கேபிளைச் செருகியதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்காமல் தூங்கப் போனவன் நான். மறுநாள் மேடையில் இரண்டாவது பாட்டின் நடுவே ஒலி கரகரத்து, தேய்ந்து, அடங்கிப்போனது. அன்றிலிருந்து கிட்டார் பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி எப்போதும் கிடக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய தவறாகத் தோன்றுவது, பேஸைத் தனியாகக் கேட்டு முடிவு செய்வது. ஆம்பில் அடிஒலியையும் உச்சஒலியையும் ஏற்றி, நடுவொலியைக் குறைத்து வாசித்தால் தனியறையில் தேனாக இருக்கும். குழுவோடு சேர்ந்தால் அந்தத் தேன் காணாமல் போய்விடும். டிரம்மின் உதைமேளம் அடிஒலியை எடுத்துக்கொள்ளும், சிம்பல்கள் உச்சத்தை நிரப்பும். பேஸ் வாசிக்கும் சுரம் என்னவென்று கேட்பவருக்குப் புரிவது, குறைத்துவைத்த அந்த நடுவொலியில்தான். திறந்த ஈ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ் என்றாலும், அதற்கு இரட்டிப்பான 82லும் அதற்கு மேலும் எழும் துணைச்சுரங்களைக் கொண்டே காது அதை அடையாளம் காண்கிறது. ஆகவே சோதிக்கும்போது ஆம்பின் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வையுங்கள். தெரிந்த பாட்டு ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசியுங்கள். தனியே சற்று முரட்டுத்தனமாக ஒலிக்கும் பேஸ்தான் பல சமயம் கூட்டத்தில் தெளிவாக நிற்கும்.

பழைய பேஸ் வாங்குவதில் பயப்பட வேண்டியது எது, பயப்பட வேண்டாதது எது என்பதைப் பலரும் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் முகம் சுளிப்பார்கள். அது பெரும்பாலும் தூசி, துப்புரவு திரவம் கொஞ்சம் தெளித்தால் போய்விடும். உடலில் கீறல் இருந்தால் விலை குறைப்பதற்கு ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். நெக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பேஸைத் துப்பாக்கிபோல் பிடித்து, நெக்கின் ஓரத்தை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். மிக மெல்லிய வளைவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முழுவதும் இறுக்கிய பிறகும் நெக் வில்லாக வளைந்தே நின்றால், அந்தப் பேஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்த வகையானால் அதன் பின்புறம் நகத்தை ஓட்டுங்கள். உடைந்து ஒட்டிய தழும்பு கண்ணுக்கு மறைந்தாலும் நகத்தில் தட்டும்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக வாசித்துக்கொண்டே போங்கள். மிக மெல்லிய ஜி கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டுக்கும் ஏழாம் ஃபிரெட்டுக்கும் இடையே ஏதாவது ஒரு சுரம் மட்டும் சட்டென்று அடங்கினால் பதறாதீர்கள். நெக்கும் அதே வேகத்தில் அதிர்ந்து கம்பியின் ஆற்றலை வாங்கிக்கொள்வதால் நேர்வது அது, விலை உயர்ந்த பேஸ்களிலும் உண்டு. பிக்கப்பை மாற்றினாலும் அது போகாது. பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாங்கியாயிற்று. இனி அதைச் சரிசெய்வதில் வரும் தவறுகள். நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பதுதான் ட்ரஸ் ராட்டின் வேலை. கம்பி உயரமாக இருக்கிறது என்று ட்ரஸ் ராட்டை இறுக்குகிறார்கள். கம்பி தாழும், உண்மைதான். கூடவே நெக் நிமிர்ந்து, முதல் சில ஃபிரெட்களில் கம்பி உரசிக் கிரீச்சிடத் தொடங்கும். வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் சுருதி, அடுத்து நெக்கின் வளைவு, பிறகு கம்பி உயரம், கடைசியில் இன்டொனேஷன், அதாவது நெக் முழுவதும் சுரம் சரியாக விழுகிறதா என்பது.

வளைவைப் பார்க்கக் கருவி தேவையில்லை. சுருதி சேர்த்தபின் ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கம்பியே அடிமட்டமாகிவிடும். நடுவே, எட்டாம் ஃபிரெட் பக்கத்தில், ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராட்டைக் கால் சுற்று இறுக்குங்கள், இடைவெளியே இல்லையென்றால் கால் சுற்று தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். ட்ரஸ் ராட்டைத் திருகும் சாவி முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். கம்பி உயரத்தைப் பிரிட்ஜில் கம்பிகள் தங்கும் சேடில்களில்தான் சரிசெய்ய வேண்டும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஜி கம்பிக்கு 2 மில்லிமீட்டர், ஈ கம்பிக்கு 2.5 என்று தொடங்கி, உங்கள் கை எவ்வளவு பலமாக மீட்டுகிறதோ அதற்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆம்பில் கேட்காத, காதருகே மட்டும் கேட்கும் சிறு உரசலுக்காகப் பட்டறை ஏறி இறங்க வேண்டாம்.

இன்டொனேஷனுக்குப் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள். பழங்கம்பியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண்வேலை. அழுக்கேறித் தேய்ந்த கம்பியில் சுரம் ஓரிடத்தில் சேராது.

கம்பி மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உரிய முறுக்காணியைத் தாண்டிச் சுமார் 10 சென்டிமீட்டர் விட்டு, வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்பாக முதலில் கம்பியைச் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் உட்கம்பியின் மேல் சுற்றியிருக்கும் உலோகம் நழுவி, புதுக் கம்பி அன்றைக்கே செத்துவிடும். வெட்டிய நுனியை முறுக்காணியின் நடுத்துளையில் இறக்கி, சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும்படி இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள், நெக்கின் மேலுள்ள இழுவிசை பெரிதாக மாறாமல் இருக்கும்.

பெயர்பெற்ற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பிகளை மாற்றவே மாட்டாராம் என்று கேள்விப்பட்டு, வரிவரியான உருண்டைச் சுற்றுக் கம்பியை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர் கம்பி வேறு, தேடிய ஒலி வேறு. உருண்டைச் சுற்றின் பள்ளங்களில்தான் வியர்வையும் அழுக்கும் போய் அடைகின்றன. தட்டைச் சுற்றுக்கு மாறுபவர்கள் இழுவிசை கூடலாம் என்பதை எதிர்பார்த்து, நெக்கின் வளைவை மறுபடி பார்த்துவிட வேண்டும். ஃபிரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உருண்டைச் சுற்றுக் கம்பி மரப்பலகையை அரம்போல் அராவும். பேஸ் கலைஞர் ஜாகோ பஸ்தோரியஸ் அதைத் தாங்குவதற்காகவே தன் ஜாஸ் பேஸின் பலகைக்கு எபாக்சி பூசியிருந்தார்.

பாகங்களை மாற்றும் ஆசைக்கு வருவோம். ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பின் குமிழை இறக்கியதும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறதே, பழுதா என்று கேட்பார்கள். பழுதில்லை. இரண்டு பிக்கப்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, இரண்டையும் முழுதாக வைக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழித்துவிடும். இதற்குத் தீர்வாக, தனியே ஒலித்தால் இரைச்சல் தரும் அதே ஒற்றைச்சுருள் பிக்கப்களையே புதிதாக வாங்கிப் போட்டவரையும் எனக்குத் தெரியும். கனமான பிரிட்ஜ் போட்டால் ஒலி மலையாக நிற்கும் என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை எடை மட்டும் நிச்சயமாகக் கூடுகிறது. தலை சாயும் பேஸுக்கு எடை குறைந்த முறுக்காணிகளைப் போடுவது நான் மனமார ஒப்புக்கொள்ளும் செலவு. எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள், மரத்தைக் குடையாதீர்கள். விற்கும்போது நீங்கள் போட்ட பாகத்துக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள், அசல் பாகம் இல்லையென்றால் மட்டும் விலையைக் குறைப்பார்கள்.

ஆம்பைப் பற்றி இரண்டு சொல். சாதாரணக் கிட்டார் ஆம்பில் பேஸை உரக்க வாசித்தால் ஒலிபெருக்கி கிழிந்துபோகலாம். வாட் இரட்டிப்பானால் ஒலியும் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போடாதீர்கள், கூடுவது 3 டெசிபல்தான். 8 ஓம் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். ஆம்பின் பின்புறம் குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால் மூன்றாவது பெட்டி வேண்டாம்.

அந்த இளைஞர் ஓராண்டு கழித்து மறுபடி வந்தார், மறுபடியும் பிக்கப் விஷயமாக. இம்முறை கம்பி பளபளத்தது. "ஒரு பாட்டில் பின் பிக்கப்பை மட்டும் வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது அண்ணா. மேடை விளக்கை மங்கவைத்ததும் இரைச்சல் தாங்கவில்லை" என்றார். இரைச்சலை அழிக்கும் இரட்டைச்சுருள் பிக்கப்பாக, அதே பள்ளத்தில் உட்காரும் அளவில் ஒன்றைத் தேடி எடுத்தோம். பற்றவைப்புக் கோலைச் சூடாக்கி அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தேன். கழற்றிய பழைய பிக்கப்பை ஒரு சிறு பெட்டியில் வைத்து, எந்த ஒயர் எங்கே போகிறது என்று மூடியில் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.