பினாங்கில் ஒரு நாள்: ஒரு தட்டு, இரண்டு கரண்டி

முதல் தடவை பினாங்கு போனபோது எங்கள் கையில் பதினொரு இடங்கள் அடங்கிய பட்டியல் இருந்தது. நான்காவது இடம் சியூ ஜெட்டி, அதாவது கடலுக்குள் கால் நட்டுச் சீனர்கள் கட்டிய மரவீட்டு வரிசை. நண்பகல் வெயிலில் அங்கே நின்றபோது நானும் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பசியும் வியர்வையும் சேர்ந்தால் யாருக்கும் வருவதுதான். அடுத்த தடவை பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாப்பாடும் கடைத்தெருவும் மட்டும் போதும் என்று ஒரு முழு நாளை ஒதுக்கினோம். அந்த நாளை அப்படியே படிப்படியாக எழுதுகிறேன். முதன்முறை போகும் ஜோடிகளுக்கு இது போதும்.

படி 1: ஒரே ஒரு விதி

எங்கே போனாலும் ஒரு தட்டு, இரண்டு கரண்டி. இதை விட்டுவிட்டால் மற்ற படிகள் எதுவும் வேலை செய்யாது. ஆளுக்கொரு தட்டு வாங்கினால் இரண்டாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடும், பினாங்கு முடிந்துவிடும். பகிர்ந்து சாப்பிட்டால் ஒரு நாளில் ஆறேழு பண்டங்களைத் தொடலாம். கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை, அங்கே இது சகஜம்.

படி 2: சில்லறையும் ஒரு துணிப்பையும்

சாலையோரக் கடைகளுக்கு 1, 5, 10 ரிங்கிட் நோட்டுகளாகக் கையில் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கு ஒரு டீக்கு 100 ரிங்கிட்டை நீட்டினால் அந்த மனிதர் என்ன செய்வார், பாவம். ரேப்பிட் பினாங்கு பேருந்தில் ரொக்கமாகக் கட்டினால் மீதி கிடைக்காது, சரியான கட்டணத்தைத்தான் பெட்டியில் போட வேண்டும். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றிவரும் கேட் (CAT) பேருந்து இலவசம். மற்றபடி வாடகைக் கார் அழைக்கக் கிராப் செயலி.

கடைகளில் பிளாஸ்டிக் பை சும்மா தர மாட்டார்கள். வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது ஏதோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்தது, பினாங்கு முழுக்கச் சுற்றிவிட்டது.

படி 3: காலை, அவசரமே வேண்டாம்

மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியன் உதிப்பதே ஏறக்குறைய 7 மணிக்கு மேல்தான், மாலை 7 மணியைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அதனால் 9 மணிக்குக் கிளம்பினாலும் பொழுது போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

முதல் நிறுத்தம் ஒரு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே அந்தப் பெயர். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் சொல்லுங்கள். ரொட்டி நம் பரோட்டாவின் தம்பி, கொஞ்சம் மெலிந்தவன். 'தாரிக்' என்றால் இழுப்பது. டீயை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றி நுரை கட்ட வைப்பார்கள், நம்மூர் மாஸ்டர் ஆற்றுவதைப் போலத்தான். பாலோடு இனிப்பும் தூக்கலாக இருக்கும். 'குராங் மானிஸ்' என்றால் சர்க்கரையைக் குறைப்பார்கள். பால் இல்லாத கட்டன் வேண்டுமானால் 'தே ஓ'. அதிலும் சர்க்கரை வேண்டாம் என்றால் 'தே ஓ கோசோங்'.

இந்த நாலைந்து மலாய்ச் சொற்கள் போதும். கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'கப்பால்', ஆப்பத்துக்கு 'அப்பம்' என்று நம் சொற்களே அந்த மொழிக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன, அதனால் கூச்சமும் வராது.

படி 4: சௌராஸ்தா சந்தை, வாங்காமல் ருசி மட்டும்

ஜாலான் பினாங்கில் இருக்கும் சௌராஸ்தா சந்தைக்கு 11 மணிக்குள் போய்விடுங்கள். அங்கே மீன், காய்கறி இருப்பது இருக்கட்டும். நமக்கு வேண்டியது ஊறவைத்த பழங்கள், அங்கே 'ஜெருக்' என்பார்கள். மாங்காய், நெல்லிக்காய், பப்பாளி என்று பெரிய ஜாடிகளில் வரிசையாக நிற்கும். கடைக்கார அம்மா ஒரு துண்டை நீட்டி, "ரசா, ரசா" என்பார். ருசி பார் என்று அர்த்தம். தயங்காமல் வாங்கி வாயில் போடுங்கள்.

ஜாதிக்காயை மட்டும் தவற விடாதீர்கள். நம் வீட்டில் ஜாதிக்காய் என்றால் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கொட்டை. குழந்தைக்கு உரசிக் கொடுப்போம், அவ்வளவுதான். பினாங்கில் அதன் சதையைத் தின்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். அதன் மிச்சம்தான் இந்த ருசி. சதையைச் சீவி சர்க்கரையில் ஊறவைத்தது ஒன்று, உலர்த்தியது ஒன்று, சாறாகக் குடிப்பது இன்னொன்று. முதல் கடியில் இனிப்பு, பிறகு காரம், கடைசியில் நாக்கு லேசாக மரத்துப் போகும். என் மனைவி முதல் துண்டிலேயே, "என்னங்க, தைலம் மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாவது துண்டை அவளே கேட்டு வாங்கினாள்.

இப்போதே வாங்க வேண்டாம். நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பிடித்த கடையை நினைவில் வைத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் வந்து வாங்குங்கள்.

சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில், கெங் குவீ சந்தில் செண்டோல் கிடைக்கும். 1936 முதல் அங்கே விற்கிறார்கள். பொடித்த பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்பு பீன்ஸ், பாண்டான் இலைச் சாறு சேர்த்துப் பிழிந்த பச்சை அரிசிமாவுப் புழுக்கள். பார்க்கத்தான் அப்படி, வாயில் வழுக்கிக்கொண்டு போகும். சைவர்களுக்கும் சிக்கலில்லை. வெயிலில் வரிசை நீளும், ஒருவர் நிற்க மற்றவர் நிழல் பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: கோப்பிக்கடையில் உட்காரும் முறை

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோப்பிக்கடையோ உணவுத் திடலோ, கடைக்காரர் வேறு, உள்ளே அடுப்பு போட்டிருப்பவர்கள் வேறு. மேசை முதலாளியுடையது. அவருக்கு வருமானம் பானத்தில். ஆகவே:

முதலில் மேசை பிடியுங்கள், எண் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேசையில் இருக்க, மற்றவர் அடுப்புக் கடைகளுக்குப் போய் வேண்டியதைச் சொல்லி மேசை எண்ணையும் சொல்ல வேண்டும். தட்டு மேசைக்கு வரும்போது காசு கொடுக்க வேண்டும். இதற்கிடையில் பானம் கேட்டு ஓர் ஆள் வருவார், ஆளுக்கொன்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு இது தெரியாமல், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதே என்று தலையாட்டி மறுத்தோம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பானம் வாங்காதவர்கள் தலைக்கு இவ்வளவு என்று அதில் எழுதியிருந்தது. கொடுத்துவிட்டு வந்தோம். ஒரு தட்டு, இரண்டு கரண்டி விதிக்கு ஒரே விலக்கு இந்தப் பானம்தான்.

என்ன சொல்வது? அசாம் லக்ஸா ஒரு கிண்ணம். புளி கரைத்து ஊற்றிய மீன் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸைப் போட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான். மீனும் நமக்குத் தெரிந்த கானாங்கெளுத்திதான். மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், இஞ்சிப்பூ மொக்கின் வாசனை, பக்கத்துக் கரண்டியில் கறுப்பாக இறால் விழுது. அதை முழுவதும் கலக்கிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அப்புறம் ஒரு தட்டு சார் குவே தியாவ்: தட்டை அரிசி நூடுல்ஸை இறால், சிப்பி, முட்டையோடு பெரிய தீயில் வறுத்தது. சீனக் கடைகளில் இதைப் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் வறுப்பார்கள். வேண்டாதவர்கள் ஹலால் கடை தேடுங்கள். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்கறி மட்டும் தெரிகிற தட்டிலும் இறால் விழுது கலந்திருக்கும். கேட்காமல் வாயில் வைக்காதீர்கள், அல்லது லிட்டில் இந்தியாவின் சைவ உணவகங்களுக்குப் போய்விடுங்கள்.

படி 6: மதியம் தூங்குங்கள்

நிஜமாகத்தான். 1 மணி முதல் 4 மணி வரை அறைக்குப் போய் மின்விசிறிக்கடியில் படுங்கள். வெயிலும் புழுக்கமும் அப்படி. பிற்பகலில் இடி மழையும் அடிக்கடி வரும். வெளியே மாட்டிக்கொண்டால் பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் மூடிய நடைபாதைக்குள் ஒதுங்கலாம், அதற்குக் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி என்று பெயர்.

படி 7: மாலைக் கடைத்தெரு

4 மணிக்கு மேல் லெபு ஆர்மீனியன் தெருவில் தொடங்குங்கள். 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜகரேவிச் சுவரில் வரைந்த சைக்கிள் குழந்தைகள் அங்கேதான். சைக்கிள் மட்டும் நிஜம், சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. படம் எடுக்க வரிசை இருந்தால் விட்டுவிடுங்கள், குடி முழுகிப் போகாது.

அங்கே வாங்கத் தக்கது பத்திக் துணி. நல்லதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயத்தில் நனைத்த துணியில் பின்பக்கமும் முன்பக்கத்தின் நிறமே ஏறக்குறைய இருக்கும். இயந்திரத்தில் அச்சடித்தது பின்னால் வெளிறிக் கிடக்கும். அச்சுக்கட்டை வைத்து ஒற்றியதென்றால் ஒரு பூவும் அடுத்த பூவும் சேரும் இடத்தில் மயிரிழை பிசகியிருக்கும். அது குறை இல்லை, கைவேலையின் அடையாளம். அச்சடித்ததை வாங்கினாலும் தப்பில்லை, கைவேலை விலையைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான். பேரம் பேச 'போலே குராங்?' என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். விலை ஒட்டிய கடைகளில் வேண்டாம்.

அங்கிருந்து லெபு பாசார் பக்கம் நடந்தால் லிட்டில் இந்தியா. மல்லிகைச் சரமும் ஒலிபெருக்கிப் பாட்டும் வந்துவிடும். லெபு குவீனில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது, ஐந்து நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். புடவை, வெள்ளிக்கெல்லாம் இங்கே நேரம் செலவிடாதீர்கள். நம்மூரில் இல்லாததா?

படி 8: ராத்திரிக்கு நாசி கண்டார்

தோளில் தடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த சாப்பாடு இது. அந்தத் தடிதான் 'கண்டார்'. இப்போது தடி இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருபது பாத்திரங்கள். வரிசையில் நின்று விரலால் காட்ட வேண்டியதுதான். எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன வேணும்ணே? கொழம்பு கலந்து ஊத்தவா?" என்று கேட்டார். சரி என்றதும் கோழிக் குழம்பு ஒரு கரண்டி, மீன் குழம்பு ஒரு கரண்டி, மாட்டுக்கறிக் குழம்பு வேண்டுமா என்று ஒரு பார்வை, கடைசியில் கறுப்பாக ஏதோ ஒரு சாறு. சோறே தெரியவில்லை. இதற்குப் பெயர் 'பஞ்சிர்', வெள்ளம்.

பெரிய இறாலும் கணவாய் முட்டையும் பார்க்க அழகாக இருக்கும், விலையும் அப்படியே. தட்டில் வைக்கும் முன் 'பெராப்பா?' என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கு மேலும் தெம்பு இருந்தால் 101-ஆம் எண் பேருந்தில் 'பத்து ஃபெரிங்கி' என்ற கடற்கரைப் பகுதியின் இரவுச் சந்தைக்குப் போகலாம். நாங்கள் போகவில்லை. மங்குஸ்தான் அரை கிலோ வாங்கிக்கொண்டு அறைக்கு நடந்துவிட்டோம். டுரியான் வாங்கினால் கடையிலேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள், பெரும்பாலான விடுதிகளில் உள்ளே விட மாட்டார்கள்.

படி 9: பெட்டி கட்டும்போது

ஜாதிக்காய்த் தைலமும் ஊறுகாய்ப் பொட்டலமும் கைப்பையில் வேண்டாம், சரக்குப் பெட்டியில் போடுங்கள். ஊறுகாயை இரண்டு பைக்குள் கட்டுங்கள். பச்சைப்பயறு வைத்த தம்பூன் பிஸ்கட் சீக்கிரம் நொறுங்கும், பெட்டிக்கு நடுவில் வையுங்கள். அதிலும் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, ஊரில் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று யோசித்து, கேட்டு வாங்குங்கள். நாங்கள் எட்டுப் பெட்டி வாங்கினோம். வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஏழு. ஒன்றை விமான நிலையத்தில் காத்திருந்தபோதே இருவருமாகக் காலி செய்துவிட்டோம்.