“இந்தக் காலத்துப் பிள்ளைகள்” என்று குறை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து இராயக்கோட்டையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் ஒருநாள் காலை பேசிக்கொண்டிருந்தபோது, மணி பத்தாகியும் எழாத பேரனைக் காட்டி, “நாங்கெல்லாம் கோழி கூப்பிடறதுக்குள்ள மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி பாய்ச்சிடுவோம், இதுங்க பொழுது உச்சிக்கு வந்தாலும் எந்திரிக்கறதில்ல” என்றார் அவர். பேரனோ ஓசூரில் இரவு ஷிப்டை முடித்துவிட்டு, கம்பெனிப் பேருந்தில் ஏழரை மணிக்குத்தான் வந்து படுத்திருந்தான். கழற்றிப் போட்ட ஷூவுக்குப் பக்கத்தில் கழுவாத டிபன் பாக்ஸ் கிடந்தது. பெரியப்பாவுக்கு அது தெரியாததன்று. விடியலில் எழுவதுதான் உழைப்பு என்று வாழ்நாளெல்லாம் பழகிய கண்ணுக்கு, எந்திரத்தின் முன் நின்றே கழிந்த ஓர் இரவு உழைப்பாகப் படவில்லை. தம் காலத்து வேலையை அளந்த அதே படியைக் கொண்டு அடுத்தவர் காலத்து வேலையை அளப்பது பெரியவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம்.

நினைவை அப்படியே நம்புவது அதைவிடப் பெரிய தவறு. அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் புரோட்ஸ்கோவும் ஜொனாதன் ஸ்கூலரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நிறையப் படிப்பவர்களே “பிள்ளைகள் படிப்பதில்லை” என்றும், அதிகாரத்துக்குப் பணிவதை உயர்வாகக் கருதுபவர்களே “மரியாதை போய்விட்டது” என்றும் மிகுதியாக எண்ணுவது தெரியவந்தது. இன்று தம்மிடம் இருக்கும் குணம் சிறுவயதிலேயே தமக்கும் தம் கூட்டாளிகளுக்கும் இருந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. அதனால் இன்றைய சிறுவனை அன்றைய சிறுவனோடு ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, அறுபது வயதில் பக்குவப்பட்ட தம்மோடேயே ஒப்பிட்டுவிடுகிறோம்.

மறதியும் இதோடு சேர்ந்தது. “அந்தக் காலத்தில் ஒழுக்கம் இருந்தது” என்று நம் பக்கத்தில் சொல்லும்போது, பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்ததை யாரும் நினைப்பதில்லை. அந்தச் சாவுகள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் நடந்தவை அல்ல. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பழைய காலத்தைப் புகழ்வது எனக்கு மனம் ஒப்பாதது.

இளையோர் பக்கத்திலும் தவறுகள் உண்டு. பெரியவர்கள் என்றுமே இப்படித்தான் குறை சொன்னார்கள் என்று காட்டப் போலிச் சான்றைப் பகிர்வது அவற்றில் ஒன்று. “இன்றைய பிள்ளைகள் சொகுசை விரும்புகிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை” என்று சாக்ரடீசு சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் வாசகம் அவருடையதன்று. பழங்காலக் கிரேக்கத்தில் எழுந்த முறையீடுகளைத் தொகுத்துக் கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் எழுதி, 1907இல் அச்சான ஆய்வேட்டிலிருந்து வந்தது. உண்மையான சான்றுக்குப் பஞ்சமில்லை. பாட்டன்மாரைவிடத் தாழ்ந்த தந்தையர் தம்மைவிடக் கெட்ட நம்மைப் பெற்றனர், நாம் இன்னும் கெட்டவர்களைப் பெறப்போகிறோம் என்று ரோமானியக் கவிஞர் ஹொரேசு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடியிருக்கிறார்.

அதற்காகப் பெரியவர்கள் எக்காலத்திலும் குறை மட்டுமே சொன்னார்கள் என்று முடிவுகட்டுவதும் சரியன்று. இன்றைய தருமபுரியான இந்தத் தகடூர் மண்ணை ஆண்ட அதியமானிடம், யாழோடு பொருந்தாமலும் பொருள் விளங்காமலும் இருந்தாலும் பிள்ளைகளின் மழலை தந்தையர்க்கு அருளைச் சுரக்கிறது, என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்று ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது.

எல்லாக் கண்டிப்பையும் “பெருசு இப்படித்தான் பேசும்” என்று தள்ளிவிடுவதுதான் இளையோர் செய்யும் தவறுகளில் ஆபத்தானது. தலைமுறையையே திட்டுவது வேறு, ஒரு செயலைச் சுட்டிக் கண்டிப்பது வேறு. லாரிகள் சரிந்துவரும் தொப்பூர் கணவாயில் தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேராகப் பைக்கில் போகாதே என்று தாத்தா சொன்னால், அதில் பழைய காலத்துப் பெருமை எதுவும் இல்லை. அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பார்த்தவர் சொல்கிறார்.